நிறுத்தத் தெரிந்த கால்கள்

1970இல் வெளியான ஓர் ஆய்வு. ஃபிரெடெரிக் பேக்லாண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெரிந்துகொள்ள நினைத்தது ரொம்பச் சின்ன விஷயம்தான். வழக்கமாக உடற்பயிற்சி செய்கிறவர்கள் ஒரு மாதம் அதை விட்டுவிட்டால் அவர்களுடைய தூக்கம் என்ன ஆகும்? கலந்துகொள்பவர்களுக்குப் பணம் உண்டு. ஆனாலும் அவர் தேடிய ஆட்கள் கிடைக்கவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிறவர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒரு மாதம் நிறுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் வாரம் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வு நடந்தது. அவர்களுக்கே அந்த மாதம் தூக்கம் கெட்டது, இரவில் அடிக்கடி விழிப்பு வந்தது.

ஆய்வின் முடிவைவிட, அதற்கு வர மறுத்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நெடுந்தூர ஓட்டம் மனதுக்கு மருந்து என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். எட்டு வருடமாக ஓடுகிறவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு மாதம் நிறுத்து என்றால் நிறுத்த முடியாத ஒன்றை மருந்து என்பதா, பழக்கம் என்பதா, போதை என்பதா?

உடனே "அப்போ அது போதைதானே" என்று முடித்துவிடவும் முடியாது. என் சித்தப்பா பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒரு மாதம் நிறுத்தச் சொன்னால் அவரும்தான் மறுப்பார், எவ்வளவு பணம் கொடுத்தாலும். அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவரிடம் கழற்றி வைக்கச் சொன்னாலும் இதே பதில்தான் வரும். ஒன்றை விட முடியவில்லை என்பது மட்டுமே நோயின் அடையாளமாகிவிடாது. அந்த ஒன்று நம்மிடம் பதிலுக்கு என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சித்தப்பா ஊசியைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார், சீட்டாடுகிறார், பேரனைப் பள்ளியில் விடுகிறார். இன்சுலின் அவரிடமிருந்து மனிதர்களைப் பிடுங்குவதில்லை.

இந்த விவாதம் பழையது. வில்லியம் கிளாசர் என்ற மனநல மருத்துவர் 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதனைப் பலப்படுத்துகிற நல்ல அடிமைத்தனங்களும் உண்டு என்பது அவர் வாதம். அவர் சொன்ன முக்கியமான உதாரணங்கள் இரண்டு: ஓட்டம், தியானம். மூன்று வருடம் கழித்து, 1979இல், வில்லியம் மார்கன் என்ற விளையாட்டு உளவியலாளர் இதற்கு நேர் எதிராக எழுதினார். காலில் காயம் இருக்கும்போதும் ஓடுகிறவர்கள், ஓட்டத்துக்காக வேலையையும் குடும்பத்தையும் ஓரம் தள்ளுகிறவர்கள் பற்றிய கட்டுரை அது. இருவரும் பேசியது ஒரே ஓட்டத்தைத்தான். இருவருமே கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். அப்படியென்றால் வேறுபாடு ஓட்டத்துக்குள் இல்லை. ஓடுகிறவருக்கும் ஓட்டத்துக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது.

*

முதலில் உடம்பின் பக்கத்தைப் பார்த்துவிடலாம். 'ரன்னர்ஸ் ஹை' என்று சொல்வார்கள். நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓடிய பிறகு திடீரென்று உடம்பு எடையிழந்த மாதிரி இருக்கும். எதிரே வருகிற நாய்கூட அழகாகத் தெரியும். இதற்குக் காரணம் எண்டார்ஃபின் என்று வெகுகாலம் நம்பினார்கள், இன்றும் ஜிம் சுவர்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ரத்தத்தில் கூடுகிற எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. 2021இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 63 ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். அப்போதும் அந்தப் பரவசம் வந்தது, பதற்றம் குறைந்தது. இப்போது சந்தேகம் எண்டோகன்னாபினாய்டு என்ற இன்னொரு வகைப் பொருட்களின் மேல் விழுந்திருக்கிறது. கஞ்சாவில் இருக்கும் பொருள் மூளையில் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அதே கதவைத் தட்டுவதற்கு நம் உடம்பே தயாரித்து வைத்திருக்கும் சரக்கு. அவற்றில் ஒன்றை 1992இல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம்ம 'ஆனந்தம்'தான். சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்த ஆனந்தம் வீட்டுக்கு வந்து குளித்து, இட்லி சாப்பிட்டு, அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும். மனச்சோர்வு ஒரு மணி நேரத்தில் தீர்கிற சமாச்சாரம் இல்லை. அதற்கு வேறு வகையான சான்று வேண்டும். 1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் செய்த ஆய்வு அப்படிப்பட்டது. தீவிர மனச்சோர்வு இருந்த, ஐம்பது வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 156 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி, மற்றவர்களுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரை கொஞ்சம் வேகமாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வை ஓட்டக்காரர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் செய்த பயிற்சி எவ்வளவு என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு மூன்று முறை, அரை மணி நேர நடை அல்லது மெதுவோட்டம். முன்னும் பின்னும் கொஞ்சம் உடம்பைத் தயார்படுத்திக்கொள்வது. கூடவே மேற்பார்வைக்கு ஆள், பக்கத்தில் நடக்க நாலு பேர். அதாவது மருந்தின் அளவு அவ்வளவுதான். 42.195 கிலோமீட்டர் என்பது எந்த மருத்துவச் சீட்டிலும் கிடையாது. மனநலத்துக்காக மட்டும் ஓடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணக்கு அவருக்கு முதல் ஆறாவது கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள முப்பத்தாறு எதற்காக?

*

என்னால் சொல்ல முடிகிற பதில் இது. அந்த முப்பத்தாறும் வலியைத் தேடிப் போகிற தூரம். இதைச் சொல்ல ஓட்டக்காரர்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் தசையில் சேமித்திருந்த சர்க்கரை தீர்ந்துபோகத் தொடங்கும். அந்த இடத்தைச் 'சுவர்' என்பார்கள். கால் கல்லாகிவிடும், காரணமில்லாமல் அழுகை வரும், நேற்று பேசிய பேச்சுக்கெல்லாம் இன்று கோபம் வரும். ஆனாலும் அந்த வலிக்கு ஒரு மரியாதை உண்டு. எங்கே தொடங்கும் என்று தெரியும். எங்கே முடியும் என்று பலகை வைத்திருப்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை யாரோ முகம் தெரியாத ஒரு காலேஜ் பையன் தண்ணீரும் உப்பு தடவிய ஆரஞ்சுச் சுளையும் நீட்டி "இன்னும் கொஞ்சம்தான்க்கா, விட்றாதீங்க" என்பான்.

மனச்சோர்வில் இருப்பவருக்கு இதில் எதுவுமே இல்லை. அது கிலோமீட்டர் கல் நடாத சாலை. எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு என்று தெரியாது. தண்ணீர் நீட்ட யாரும் நிற்பதில்லை, ஏனென்றால் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. உருவமில்லாத வலியோடு வாழ்கிறவருக்கு, உருவமுள்ள ஒரு வலியை நாமே தேர்ந்தெடுத்து, அதை முழுசாகக் கடந்து, மறுபக்கம் வர முடிகிறது என்பது பெரிய ஆறுதல். நெடுந்தூர விளையாட்டுகளின் உண்மையான சிகிச்சை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வலி முடியும் என்பதை உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிற ஒத்திகை அது.

பஞ்சாபில் பிறந்து பின்னாளில் லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங்கின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1994இல் அவருடைய மகன் அவர் கண் முன்னாலேயே ஒரு விபத்தில் இறந்தார். மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். அந்தத் துக்கத்திலிருந்துதான் அவர் ஓடத் தொடங்கினார். 2000இல் லண்டன் மாரத்தானில் ஓடியபோது அவர் கணக்குப்படி வயது 89. நூறு வயதில் டொராண்டோ மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 2013இல் ஹாங்காங்கில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, போதும் என்று போட்டிகளை நிறுத்திக்கொண்டார். நடப்பதை மட்டும் விடவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊர் அருகே நடந்துகொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார். துக்கம் அவரை ஓட வைத்தது. ஆனால் ஓட்டத்தை விட்ட பிறகும் அவருக்குக் காலையும் தெருவும் ஊர்க்காரர்களும் மிச்சமிருந்தார்கள்.

*

வலியை நேர்ந்துகொண்டு கடப்பது நமக்குப் புதிதில்லை. என் மாமா ஒருவர் காரைக்குடிப் பக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாட்கணக்கில் வெறுங்காலோடு நடை. வழியெல்லாம் மோரும் சாப்பாடும் கொடுக்க ஆள் இருப்பார்கள். காலில் கொப்புளம் வந்தால் அதையும் முருகன் கணக்கில் எழுதிவிடுவார். நெடுந்தூரம், வலி, கூட்டத்தின் ஆதரவு, முடிவில் கண்ணீர் என்று ஒரு மாரத்தானில் உள்ள அத்தனையும் அங்கே இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்தான். மலையேறிச் சாமி கும்பிட்டதும் மாமா மாலையைக் கழற்றிவிடுவார். நேர்த்திக்கடன் முடிந்தது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து அசைவம் சாப்பிடுவார். போன வருடத்தைவிட இரண்டு மணி நேரம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பாதயாத்திரைக்குள் நிறுத்தமும் ஒரு சடங்காக வைக்கப்பட்டிருக்கிறது. மாலை போடுவதற்கு எவ்வளவு முறை உண்டோ, கழற்றுவதற்கும் அவ்வளவு உண்டு. நவீன நெடுந்தூர விளையாட்டில் அந்தப் பாதி காணாமல் போய்விட்டது. ஸ்ட்ராவா செயலி, நேற்று ஓடியதையும் இன்று ஓடியதையும் கோடு போட்டு இணைக்கிறது. இத்தனை வாரம் விடாமல் ஓடியிருக்கிறாய் என்று எண்ணிச் சொல்கிறது. நான்கரை மணி நேரத்தில் முடித்தால் நாலே காலுக்கு ஆசை வருகிறது. மாரத்தான் முடித்தவரிடம் "அடுத்து அல்ட்ராவா?" என்று கேட்பது எங்கள் வட்டத்தில் நலம் விசாரிக்கிற மாதிரி. ஹாருகி முரகாமி 1996இல் ஹொக்கைடோவில் சரோமா ஏரியைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஓடினார். அதற்குப் பிறகு ஓட்டத்தின் மேல் இருந்த பழைய உற்சாகம் வற்றிப்போனதைத் தன் ஓட்டக் குறிப்புகள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சாதித்த பிறகு வருகிற வெறுமை அது. அடுத்த பந்தயத்துக்குப் பதிவு செய்வதைத் தவிர இதற்கு வேறு மருந்து எங்கள் வட்டத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குப் பாதத்தில் ஓர் எலும்பு லேசாக விரிசல் விட்டது. ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் மருத்துவர். ஓடவில்லை. முதல் பத்து நாள் தூக்கம் சரியில்லை, எல்லோர் மேலும் எரிச்சல். பேக்லாண்டின் ஆட்களுக்கு நடந்த அதேதான். அதைவிட விசித்திரமாக இருந்தது வேறொன்று. வாட்ஸப் குழுவில் எனக்குப் பேச ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு பெசன்ட் நகரில் சந்திக்கிற அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டு பேருடைய வேலை என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய வேகம் மட்டும் தெரியும். வீட்டில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா கேட்டாள்: "ஓடாட்டி என்னடி, குடியா முழுகிப் போச்சு? இப்படி உக்காந்து இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடு."

கீரை ஆய்ந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து தூக்கம் திரும்பியது. அந்த ஆறு வாரத்தில் இடிந்துபோகாமல் இருக்க முடிந்ததற்கு ஐந்து வருட ஓட்டமும் ஒரு காரணம்தான். அசௌகரியம் வரும், உச்சத்துக்குப் போகும், இறங்கும் என்று என் உடம்பு முப்பதாவது கிலோமீட்டரில் கற்றிருந்தது. ஓட்டம் கற்றுக்கொடுத்ததை ஓட்டம் இல்லாத நாளிலும் பயன்படுத்த முடிந்தால் அது மருந்து. ஓடும்போது மட்டும்தான் தாங்க முடிகிறது, மற்ற 23 மணி நேரமும் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றால் அதற்குப் பெயர் வேறு. இந்த இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரித்துப் பார்க்கவே முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் இருவருமே ஒழுக்கமானவர்கள், இருவரும் ஐந்து மணிக்கு எழுகிறார்கள். நிற்கும்போதுதான் தெரியும்.

*

இதில் கைதட்டுகிறவர்களின் பங்கும் இருக்கிறது. வல்வெட்டித்துறைக்காரரான ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், திரும்ப இலங்கைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். நாட்கணக்கில் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார், மணிக்கணக்கில் ஒற்றைக்காலில் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் திரும்பத் திரும்ப இடம்பிடித்த தமிழர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது இறந்தார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'கடைசி மூச்சு வரை' என்ற சொற்றொடர் நம் வாயில் எவ்வளவு இயல்பாக வந்து உட்கார்கிறது என்பதைக் கவனிக்கலாம். பாதியில் திரும்பி வந்திருந்தால் அவரைப் பற்றி என்ன சொல்லியிருப்போம்?

நெடுந்தூர ஓட்டத்தில் 'டிஎன்எஃப்' என்று ஒரு முத்திரை உண்டு, முடிக்கவில்லை என்று அர்த்தம். அமெரிக்க ஓட்ட வீராங்கனை கோர்ட்னி டவால்டர் 2019இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் பந்தயத்தில், முந்தின வருடம் தான் வென்ற அதே பந்தயத்தில், பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது இடுப்புக் காயத்தால் விலகினார். 2023இல் அதே பந்தயத்தைச் சாதனை நேரத்தில் வென்றார். அதே கோடையில் இன்னும் இரண்டு பெரிய மலைப் பந்தயங்களையும் வென்றார். அவர் பின்னால் வென்றதால்தான் விலகியது சரி என்று நான் சொல்லவில்லை. வெல்லாமலே போயிருந்தாலும் அது சரிதான். தாங்குவதும் விலகுவதும் ஒரே திறமையின் இரண்டு பக்கங்கள் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மொழியில் தாங்குதலுக்குக் கொடுத்திருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. 'பூமி மாதிரி பொறுமை' என்று பெண்ணைத்தான் சொல்வோம். என் அம்மா நாற்பது வருடம் அடுப்படியில் நின்று முழங்கால் தேய்ந்தவள். அதற்கு மெடல் கிடையாது, முடிவுக் கோடு கிடையாது, எண் அச்சிட்ட பனியன் கிடையாது. ஓட்டத்தை நான் தேர்ந்தெடுத்தேன், அவள் அடுப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்த வலி மனதை ஆற்றுகிறது என்பதை ஒப்புக்கொண்டால், தேர்ந்தெடுக்காத வலி மனதைத் தின்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் தாங்குவதற்கு அறமதிப்பு வருகிறது.

இதனால்தான் "ஓடு, எல்லாம் சரியாயிடும்" என்கிற அறிவுரை என்னைத் தொந்தரவு செய்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனில் சொன்னாள்: "எல்லாரும் ஓடு ஓடுங்கிறாங்கக்கா. எனக்குப் பல்லு தேய்க்கவே மத்தியானம் ஆகுது." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நோய் எதைப் பிடுங்கிக்கொண்டதோ அதையே மருந்து முன்பணமாகக் கேட்கிறது. டியூக் ஆய்வில் பயிற்சி செய்தவர்களுக்குப் பக்கத்தில் ஆள் நின்றார்கள். அதை மறந்துவிட்டு ஷூ படத்தை அனுப்பினால், அவளுடைய நோயை அவளுடைய சோம்பலாக மாற்றிவிடுகிறோம். அதிகாலையில் எழுந்து ஓடுகிறவர் ஒழுக்கசீலர், படுக்கையில் கிடப்பவர் முயற்சி இல்லாதவர் என்ற கணக்கு வந்துவிடுகிறது. உடம்பின் விளையாட்டாகத் தொடங்கியது ஆள் தரம் பிரிக்கிற தராசாக முடிகிறது. அவளிடம் நான் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "சாயங்காலம் வர்றேன், தெருமுனை டீக்கடை வரைக்கும் நடக்கலாமா?" என்று கேட்டேன். சில நாள் வந்தாள், சில நாள் வரவில்லை. வராத நாளில் அவள் வீட்டிலேயே டீ போட்டுக் குடித்தோம்.

*

இதையெல்லாம் எழுதுவதால் ஓட்டத்தை விட்டுவிடப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜனவரியில் சென்னை மாரத்தான் இருக்கிறது, பயிற்சி நடக்கிறது. கடலோரமாகப் பத்து கிலோமீட்டர் ஓடி, வெளிச்சம் வரும்போது கால்களை மணலில் புதைத்து உட்கார்ந்தால் கிடைக்கிற அமைதிக்கு நான் இன்னும் வேறு வழி கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் வருடத்தில் ஒரு மாதம் ஓடுவதில்லை. மே மாதம். அக்னி நட்சத்திர வெயிலில் ஓடக்கூடாது என்று வெளியே காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது நான் எனக்கே வைத்துக்கொண்ட பேக்லாண்ட் சோதனை, மாமா பாணியில் சொன்னால் மாலை கழற்றுகிற மாதம். அந்த மாதம் எரிச்சல் வருகிறதா, எவ்வளவு நாள் நிற்கிறது, யாருக்கு போன் செய்யத் தோன்றுகிறது என்று பார்ப்பேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மே மாதம் ஓட்டமில்லாமல் பொங்கலுக்கும் வடைக்கும் கூப்பிடுகிறேன். முதல் வருடம் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் வந்தார்கள். போன மே மாதம் ஏழு பேர். அவர்களில் ஒருவர் எங்கள் குழுவிலேயே வேகமானவர். விவாகரத்துக்குப் பிறகுதான் ஓட ஆரம்பித்தாராம். நான்கு வருடமாக அவர் பக்கத்தில் ஓடியிருக்கிறேன், அன்றைக்கு இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னார்.